அந்தப் புல்லாங்குழல் யாருடையது?

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ரொறன்ரோவில் காலை பத்து மணி. சிங்கப்பூரில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி. போன மாதம் இதே அரங்கில் குறுந்தொகை பற்றிப் பேசினார்கள். இந்த மாதம் சினிமாப் பாட்டுத் துணுக்குகள். படி இறங்கிவிட்டோமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். முடிப்பதற்குள் குறுந்தொகைக்கும் ஒரு எட்டுப் போய் வந்துவிடுவேன்.

துணுக்கு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். நாலு பாட்டு ரசிகர்கள் ஓரிடத்தில் கூடினால் ஐந்தாவது நிமிடம் ஒருவர் ஆரம்பிப்பார்: "இந்தப் பாட்டை எழுதினது கண்ணதாசன் இல்லை, தெரியுமோ?" மற்ற மூன்று பேரும் தேத்தண்ணியை மறந்துவிடுவார்கள். கல்யாண வீடு, செத்த வீடு, விமான நிலையம் என்று இடம் பார்க்காமல் நடக்கும் காரியம் இது. என் மகள் ஒருமுறை கேட்டாள்: "அப்பா, இதெல்லாம் தெரிஞ்சு வச்சிருந்து என்ன செய்யப் போறீங்கள்?" நியாயமான கேள்வி. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் போதாதா? யார் எழுதினார், எந்த ஆண்டு, யார் வாசித்தார் என்பதெல்லாம் எதற்கு? இந்த உரையை அவள் கேள்விக்கான பதிலாகவே தயாரித்தேன்.

முதலில் ஒரு பழைய சண்டை. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தமிழில் பாடிய முதல் பாட்டு எது? பெரும்பாலானோர் 'ஆயிரம் நிலவே வா' என்பார்கள். 1969இல் வந்த 'அடிமைப்பெண்', இசை கே.வி. மகாதேவன், எழுதியவர் புலமைப்பித்தன், கூடப் பாடியவர் பி. சுசீலா. உடனே ஒருவர் கை உயர்த்துவார்: "இல்லை, 'சாந்தி நிலையம்' படத்துக்கு எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் பாடியதுதான் முதலில் பதிவானது." மூலையில் இதுவரை பேசாமல் இருந்தவர் தொண்டையைச் செருமுவார்: "அதுக்கும் முன்னால 'ஓட்டல் ரம்பா' எண்டு ஒரு படத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரியோட பாடினவர். படம் வெளியில வரவே இல்லை."

மூன்று பேரும் சரி. முதலில் பதிவானது ஒன்று, வெளிவந்த படங்களுக்காகப் பதிவானவற்றில் முந்தியது ஒன்று, ஊர் முதலில் கேட்டது இன்னொன்று. 'முதல்' என்ற சொல்லைச் சும்மா சொல்ல முடியாது, எதில் முதல் என்று கேட்க வேண்டும். நல்ல துணுக்கு ரசிகன் பள்ளிக்கூடத்தில் கற்காத ஒரு பாடத்தை இங்கே கற்றுக்கொள்கிறான். கல்வெட்டு படிப்பவரும் ஓலைச்சுவடி படிப்பவரும் கேட்கிற கேள்வியைத்தான் அவனும் கேட்கிறான்.

அந்த 'அடிமைப்பெண்' பாட்டோடு ஒட்டிய கதையும் உங்களுக்குத் தெரியும். எஸ்.பி.பி. மேடைகளில் பலமுறை சொன்னது. பதிவுக்கு முன் அவர் நோயில் விழுந்துவிட்டார். வேறு பாடகரை வைத்து முடித்திருக்கலாம். எம்.ஜி.ஆர். காத்திருந்தார். எம்.ஜி.ஆருக்குப் பாடப் போகிறேன் என்று இந்தப் பையன் நண்பர்களிடம் சொல்லியிருப்பான், இப்போது மாற்றினால் அவன் குரல் சரியில்லை என்று ஊர் நினைத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் நோயின் பெயரை மாற்றுவார்கள், நாள்கணக்கை மாற்றுவார்கள். ஒருவர் டைபாய்டு என்பார், இன்னொருவர் மஞ்சள் காமாலை என்பார். நடுவில் இருக்கிற விஷயம் மட்டும் மாறுவதில்லை. பெயரில்லாத ஒரு பையனின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று பெரிய பெயர் உள்ள ஒருவர் பொறுத்திருந்தார். இந்த 'பெயர்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றியே வரும்.

இன்றைக்குப் பாடகர் பெயர் தெரியாமல் ஒரு பாட்டு வருமா? ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது. நடிக்கிறவரே பாட வேண்டும் என்ற காலம் முதலில் இருந்தது. தமிழில் 1938இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் பின்னணிப் பாடல் அங்கே தொடங்குகிறது என்பார்கள். குரலை இரவல் வாங்கினால் இரவல் கொடுத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி அதோடு பிறந்தது. நீண்ட காலம் அதற்குப் பதில் 'வேண்டாம்' என்பதாகவே இருந்தது.

இதற்கு மிகத் தெளிவான சான்று இந்திப் படவுலகில் இருக்கிறது. 1949இல் 'மகல்' வந்தது. கேம்சந்த் பிரகாஷ் இசையில் ஒரு இளம்பெண் பாடிய பாட்டு நாடெங்கும் பரவியது. இசைத்தட்டில் பாடியவர் பெயர் என்று அச்சாகியிருந்தது 'காமினி'. காமினி என்பது அந்தப் படத்தில் மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர்! உடலில்லாத ஒருத்தியின் பெயரை இசைத்தட்டில் போட்டுவிட்டார்கள். வானொலி நேயர்கள் சும்மா இருக்கவில்லை, பாடியது யார் என்று கேட்டு எழுதினார்கள். வானொலி நிலையம் இசைத்தட்டு நிறுவனத்திடம் விசாரித்தது. அப்படித்தான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் காற்றில் ஒலித்தது. 'யார் பாடியது?' என்ற, இன்றைக்கு நாம் பொழுதுபோக்கு என்று நினைக்கிற அதே கேள்விதான். அதைக் கேட்டவர்கள் சாதாரண நேயர்கள். ஒரு தபாலட்டைதான் அவர்களின் செலவு.

நேயர்களைக் கேள்வி கேட்கப் பழக்கியதில் எங்கள் இலங்கை வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர்ப் பெருமை என்று நினைக்காதீர்கள், காரணம் சொல்கிறேன். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அதைக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் பாட்டு ஒலிபரப்பும் அனுமதியையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித் பாரதி தொடங்கும்வரை அங்கே சினிமாப் பாட்டுக்குப் பஞ்சம். கொழும்பிலோ, உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படையினருக்காக நிறுவிய வலிய சிற்றலை ஒலிபரப்பி இருந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் மயில்வாகனன் குரல் கேட்டதும், பின்னாளில் கே.எஸ். ராஜாவும் ராஜேஸ்வரி சண்முகமும் அப்துல் ஹமீதும் கடல் தாண்டி வீட்டுப் பிள்ளைகள் ஆனதும் இதனால்தான்.

அந்த அறிவிப்பாளர்கள் பாட்டைப் போடுவதற்கு முன் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஒரு மந்திரம்போல அது காதில் விழுந்துகொண்டே இருக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு வைத்திருந்தோம், ஐந்து நிரல்கள். அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல நானும் அண்ணாவும் எழுதுவோம். கவிஞர் பெயர் காற்றில் போய்விட்டால் அந்த நிரல் காலியாக இருக்கும். அடுத்த முறை அந்தப் பாட்டு வரும்வரை அந்தக் காலி இடம் பல்லில் சிக்கிய நார்போல உறுத்தும். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' பிறகு வந்தது. அதற்கு முன்பே நாங்கள் பயிற்சி எடுத்துவிட்டோம்.

கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தையும் சொல்ல வேண்டும். கதையைப் பாதி சொல்லி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடும். ஆனால் பாட்டுக்கு மேலே பெயர்களைப் போட்டிருக்கும். அந்தச் சாணித்தாள் புத்தகங்களைச் சேர்த்து வைத்தவர்களைப் பைத்தியம் என்றார்கள். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் படங்களின் விவரங்களை ஒற்றை ஆளாகத் திரட்டி, 2004இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்று பெரிய நூலாகத் தந்தார். வாமனன் பழைய கலைஞர்களைத் தேடித் தேடிப் போய்க் கேட்டு 'திரை இசை அலைகள்' எழுதினார். அவர்கள் செய்த வேலையின் சின்ன வடிவம்தான் நம் துணுக்கு.

இப்போது குறுந்தொகைக்கு வருகிறேன். நாற்பதாவது பாட்டை எழுதியவர் செம்புலப்பெயனீரார். அது அவருடைய தாய் தந்தை வைத்த பெயர் இல்லை. தொகுத்தவர்களுக்குப் புலவரின் பெயர் கிடைக்கவில்லை. 'ஆசிரியர் தெரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். பாட்டு இருந்தால் ஆள் இருந்திருக்க வேண்டும், ஆள் இருந்தால் பெயர் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் நமக்கு.

நம் ரசிகர்களும் அதையே செய்கிறார்கள். 'அந்தப் பாட்டில் விசிலடித்தவர்', 'இந்தப் பாட்டில் அக்கார்டியன் வாசித்தவர்' என்று பாட்டை வைத்தே ஆளைச் சுட்டுகிறார்கள். ஏனென்றால் வாத்தியக்காரர்களின் பெயர் டைட்டிலிலும் வராது, இசைத்தட்டிலும் வராது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே நம்மை உருக்குகிற அந்தப் பதினைந்து விநாடிக்கு ஒரு மனிதன் மூச்சைக் கொடுத்திருக்கிறான், அவன் பெயர் எங்கும் இல்லை. தேடியவர்கள் கண்டுபிடித்தார்கள். விஸ்வநாதன் பாட்டுகளின் அக்கார்டியன் மங்களமூர்த்தி. இளையராஜாவின் கிதார் சதானந்தம், வயலின் வி.எஸ். நரசிம்மன், புல்லாங்குழல் நெப்போலியன். அந்த நெப்போலியன்தான் அருண்மொழி என்ற பெயரில் பாடியவரும். இதை முதல்முறை கேட்கிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இருபது வருடமாகக் கேட்ட குரலும் இருபது வருடமாகக் கேட்ட குழலும் ஒரே ஆளுடையவை என்று தெரிகிற கணம் அது.

நரசிம்மனின் வயலினை முன்னால் நிறுத்தி இளையராஜா 1986இல் ஓர் இசைத்தொகுப்பு செய்தார். அதன் பெயரே 'ஹௌ டு நேம் இட்'. தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மான் தன் ஒலிநாடாக்களின் உறையில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டார். புல்லாங்குழல் நவீன் என்று நாம் எல்லோரும் தெரிந்துகொண்டது அப்படித்தான். ரஹ்மானுக்கு அது தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் தந்தை ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களில் மற்றவர்களின் பாட்டுகளுக்கு வாத்திய ஒழுங்கு செய்து கொடுத்தவர். பெயர் பெரிதாக வெளியே வராத வேலை. 1976இல் அவர் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. வீட்டிலிருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பிறகு அந்தப் பிள்ளையே இளையராஜா உட்படப் பலருக்குக் கீபோர்டு வாசித்தார், அதுவும் பெயரில்லாத வேலை. இளையராஜாவும் அப்படித் தொடங்கியவர்தான். சலில் சௌத்ரிக்குக் கிதார் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். சேகர் இறந்த அதே 1976இல் 'அன்னக்கிளி' வந்தது.

'அன்னக்கிளி' என்றதும் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடக்கலாம். பஞ்சு அருணாசலம். கண்ணதாசனின் உறவினர், உதவியாளர். கண்ணதாசன் சொல்லச் சொல்ல எழுதிய கை அவருடையது. 1965இல் வந்த 'கலங்கரை விளக்கம்' படத்தின் 'பொன்னெழில் பூத்தது' பாட்டைக் கண்ணதாசன் பாட்டு என்றே நம்மில் பலர் சொல்வோம். எழுதியது பஞ்சு. அவரே 'அன்னக்கிளி'க்குத் திரைக்கதை வசனமும் பாட்டும் எழுதி இளையராஜாவை அறிமுகப்படுத்தினார். பெரிய பெயர்களை மட்டும் வைத்துக் கதை சொன்னால் கண்ணதாசன் ஒரு யுகம், இளையராஜா இன்னொரு யுகம், நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் மேல் பாலமாக நின்ற ஆள் ஒரு துணுக்கில்தான் அகப்படுகிறார்.

இதற்கு எதிர்ப்பக்கம் போகிற துணுக்கும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நேர்மையாக இராது. 'கவிஞர் காரில் ஏறும்போது ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார்' வகை. உங்கள் கைப்பேசிக்கு வாரம் ஒன்று வரும். அதே கதை இன்று கண்ணதாசன் பெயரில் வரும், அடுத்த ஆண்டு வாலி பெயரில் வரும். ஐந்து நிமிடம் மூன்று நிமிடமாகும். இந்த வகைக் கதைகள் ஏற்கெனவே பெரிய பெயரை இன்னும் ஊதுகின்றன. ஊதும்போது பக்கத்தில் நிற்பவர்கள் பறந்துபோகிறார்கள். மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டிய ஆர்மோனியம், வரியைக் குறித்துக்கொண்ட உதவியாளர், சொல்லை மாற்றச் சொன்ன இயக்குநர், எல்லோரும் காணாமல் போய்விடுவார்கள். 1964இல் வந்த 'படகோட்டி' பாட்டுகள் எல்லாம் வாலி எழுதியவை. அவற்றைக் கண்ணதாசனுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. கண்ணதாசனுக்கு அதனால் கூடப் போவது ஒன்றுமில்லை. வாலிக்குக் குறைகிறது.

வாலி சொன்ன ஒரு கதையை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்குத் திரும்பிவிட முடிவெடுத்திருந்த நேரம். பி.பி. சீனிவாஸ் வந்து, தான் புதிதாகப் பாடிய ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார். 1962இல் வந்த 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய 'மயக்கமா கலக்கமா'. அதைக் கேட்டுவிட்டு வாலி பயணத்தைக் கைவிட்டார். கண்ணதாசனின் பெருமை இந்தக் கதையில் குறைகிறதா? இல்லை. ஆனால் சீனிவாஸுக்கும் வாலிக்கும் அதில் இடம் இருக்கிறது. யார் சொன்னது என்பதும் தெரிகிறது. துணுக்கை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான்: கதை முடியும்போது அதில் ஆட்கள் கூடியிருக்கிறார்களா, குறைந்திருக்கிறார்களா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். இங்கே எந்தத் தமிழ்க் கல்யாணத்திலும் இரவு பத்து மணிக்கு மேல் 'சின்ன மாமியே' பாடாமல் விடமாட்டார்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகளும் ஆடுவார்கள். இது யாருடைய பாட்டு என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். 'நாட்டுப்பாட்டு' என்பார்கள், 'ஏதோ இந்தியப் படம்' என்பார்கள். நித்தி கனகரத்தினம் எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டு அது. இலங்கையில் தமிழ்ப் பொப்பிசை என்று ஒன்று எழுந்ததற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். பாட்டு அவ்வளவு வெற்றி பெற்றுவிட்டது, ஆசிரியரையே விழுங்கிவிட்டது. குறுந்தொகைத் தொகுப்பாளர்களிடம் பெயர் இல்லை, அதனால் ஒன்றை உண்டாக்கினார்கள். நம்மிடம் பெயர் இருக்கிறது, சொல்ல மறக்கிறோம்.

இதை ஏன் அவசரமாகச் சொல்கிறேன் என்றால், பெயர் காணாமல் போகும் வேகம் இப்போது கூடிவிட்டது. நான் பாட்டுக் கேட்கும் செயலியில் பாடகர் பெயர் வருகிறது, இசையமைப்பாளர் பெயர் வருகிறது. எழுதியவரைத் தேட வேண்டியிருக்கிறது. வாத்தியக்காரரைக் கேட்கவே வேண்டாம். பாட்டைச் சொல்லி முடிக்குமுன் அது ஒலிக்கிறது, முன்னறிவிப்புச் சொல்ல மயில்வாகனன் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மலேசியாவிலும் இசைக்குழுக்களில் வாசித்தவர்கள் இன்று ரொறன்ரோவில், லண்டனில், பாரிஸில் இருக்கிறார்கள். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார்கள். அவர்களின் பெயர் எந்த இசைத்தட்டிலும் இல்லை.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒரு துணுக்கைச் சொல்லும்போது யாரிடம் கேட்டது, எங்கே படித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்தவர் சரிபார்க்க ஒரு கதவு திறந்திருக்கட்டும். டைட்டிலும் சாட்சி, இசைத்தட்டும் சாட்சி, பாட்டுப் புத்தகமும் சாட்சி, வாசித்தவரின் நினைவும் சாட்சி. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது, வீட்டில் பழைய கசெற்றுகள் இருந்தால் எறியுமுன் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் நகரத்தில் வாசித்த, பாடிய ஒரு மூத்தவர் இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். கைப்பேசியை மேசையில் வைத்து, எந்தப் பாட்டுக்கு வாசித்தீர்கள், கூட யார் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர் சொல்லுவார்.

பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். பாட்டுக்கு உழைத்துவிட்டுப் பெயரில்லாமல் போனவர்களுக்கு அந்தப் பிள்ளை நாம்தான். துணுக்குகளால் என்ன பயன் என்று கேட்டால் நான் சொல்லக்கூடிய பதில் இது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நான் சொன்ன பெயர்கள் போக, இன்னும் ஒரு வாத்தியக்காரரின் பெயர் யாருக்காவது தெரிந்தால், கேள்விக்கு முன் அதைச் சொல்லுங்கள். நான் கொப்பியை விரித்து வைத்திருக்கிறேன்.